விளக்குத்தூண் யாருக்காக?

சொல் விசாரணை: வாசகர் கேள்விகள்

சத்திரம் என்ற சொல்லைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோது, மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தை ‘நினைவுச்சின்னம்’ என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டுமே பதில்.

*

நாயக்கர் மஹால் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்கிறார்கள். அதை யாருடைய நினைவாகவும் கட்டவில்லையே, அரண்மனையாகத்தானே கட்டினார்கள்? பிறகு எப்படி அது நினைவுச்சின்னம் ஆகும்?
கல்லூரி மாணவர், தெப்பக்குளம்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், தம்பி. திருமலை நாயக்கர் 1636இல் அதைக் கட்டியது தாம் வாழவும் கொலுவிருக்கவும்தான். இறந்தவர் நினைவு எதுவும் அவர் மனத்தில் இருந்திருக்காது. குழப்பம் மஹாலில் இல்லை, நாம் மொழிபெயர்த்துக்கொண்ட சொல்லில் இருக்கிறது.

‘மானுமென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் ‘மோனுமென்டும்’ என்ற இலத்தீன் சொல். நான் வேலை பார்த்த பள்ளியில் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். மதிய உணவு இடைவேளையில் அவரிடம் மூன்று ஆண்டுகள் இலத்தீன் படித்தேன். சொற்களை முருங்கைக்காய் போல ஒடித்துக் காட்டுவார். இந்தச் சொல்லையும் அப்படித்தான் ஒடித்தார். முன்பாதி ‘மோனெரே’ என்னும் வினை. நினைவூட்டு, எச்சரி, புத்தி சொல் என்று மூன்று பொருளும் அதற்கு உண்டு. பின்பாதி ‘மென்டும்’ என்னும் விகுதி. ஒரு செயலை எதைக் கொண்டு செய்கிறோமோ, அந்தப் பொருளைக் குறிக்க வருவது. ‘டோக்கெரே’ என்றால் கற்பித்தல். அதோடு இந்த விகுதி சேர்ந்தால் ‘டோக்குமென்டும்’, அதாவது கற்பிப்பது. பத்திர ஆபீசில் நாம் கைநாட்டு வைக்கும் டாக்குமென்ட் அதன் பேரப்பிள்ளை. இதே கணக்கில் மோனுமென்டும் என்றால் நினைவூட்டுவது. அவ்வளவுதான். உயரமாக இருக்க வேண்டும், பழையதாக இருக்க வேண்டும், யாராவது இறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் வேரில் கிடையாது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு படி உள்ளே போக வழி இருக்கிறது. செய் என்பது தன்வினை, செய்வி என்பது பிறவினை. நினை என்பதற்கு நினைப்பி. மோனெரே அப்படிப்பட்ட ஒரு பிறவினைதான். அதன் அடிவேர் ‘மென்’, நினைத்தல். அந்த வேரிலிருந்துதான் இலத்தீனில் மனத்தைக் குறிக்கும் ‘மென்ஸ்’ வந்தது. வடமொழியின் மனஸ், மதி, மந்திரம் ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை என்று மொழியியலார் காட்டுகிறார்கள். மனஸ் என்பதே தமிழில் மனம் ஆயிற்று என்பது அவர்களில் பெரும்பாலோர் கருத்து. மேலே ‘அவர் மனத்தில்’ என்று எழுதினேன் அல்லவா, அந்தச் சொல்லுக்கும் மானுமென்டுக்கும் தூரத்து உறவு இருக்கிறது.

இலத்தீன் பேசியவர்கள் சிலையை, கோயிலை, கல்லறையை, எழுதிவைத்த வரலாற்றைக்கூட இந்தச் சொல்லால் குறித்தார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் கல்லறை என்ற பொருள்தான் ஓங்கி நின்றது. பிறகு மெல்ல விரிந்தது. லண்டனில் 1666இல் நேர்ந்த பெருந்தீயின் நினைவாக எழுப்பிய 202 அடி உயரத் தூண் 1677இல் முடிந்தது. அதற்குத் தனிப்பெயரே வைக்கவில்லை, ‘மானுமென்ட்’ என்றே அழைத்தார்கள். பக்கத்துச் சுரங்க ரயில் நிலையத்துக்கும் இன்று அதுதான் பெயர்.

உங்கள் கேள்விக்கு நேர்விடை சொன்னவர் அலோயிஸ் ரீகல் என்ற ஆஸ்திரியக் கலை வரலாற்றாசிரியர். நினைவுச்சின்னங்கள் இரண்டு வகை என்று 1903இல் பிரித்துக் காட்டினார். ஒன்று, நினைவூட்ட வேண்டும் என்ற நோக்கத்தோடே எழுப்பியது. மற்றொன்று, வேறு காரியத்துக்காகக் கட்டியதைப் பின்னால் வந்தவர்கள் நினைவுப்பொருளாக ஏற்றுக்கொண்டது. மஹால் இரண்டாம் வகை. நம் நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த விரிந்த பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. நூறாண்டுக்குக் குறையாமல் நிலைத்திருக்கும் கட்டடம், குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு, ஒற்றைக்கல், புதைமேடு எல்லாமே வரலாற்று மதிப்பு இருந்தால் அதில் நினைவுச்சின்னம்தான்.

மஹால் எதை நினைவூட்டுகிறது என்று கேட்டால், கட்டியவரை மட்டும் அல்ல. பேரன் சொக்கநாத நாயக்கர் இதைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதையும் நினைவூட்டுகிறது. நாம் பார்ப்பது எஞ்சிய பகுதி. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்திருக்காவிட்டால் அதுவும் மிஞ்சியிருக்காது. அதன் பிறகு நெடுங்காலம் அங்கே நீதிமன்றங்கள் நடந்தன. அந்த நீதிமன்றங்களிலிருந்து சம்மன் போயிருக்கும் அல்லவா? அந்தச் சம்மனும் மோனெரேயின் பிள்ளைதான். ‘சுப்’ என்ற முன்னொட்டுச் சேர்ந்து, மறைவாக எச்சரித்தல் என்ற பொருளில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், டவாலி கையில் ஏறி மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் வந்து சேர்ந்தது.

*

மானுமென்ட், மானிட்டர், மான்ஸ்டர், மணி (பணம்) எல்லாம் ஒரே குடும்பம் என்று என் தோழி சொல்கிறாள். உண்மையா ஐயா?
பத்தாம் வகுப்பு மாணவி, வாடிப்பட்டி

தோழி நன்றாகப் படிக்கிற பெண் போலிருக்கிறது. மானிட்டர் என்றால் நினைவூட்டுபவர், எச்சரிப்பவர். உங்கள் வகுப்பில் பெயர் எழுதிவைக்கும் மானிட்டரும் மருத்துவமனையில் நாடித்துடிப்பைக் காட்டும் மானிட்டரும் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள். உடும்புக்கும் ஆங்கிலத்தில் மானிட்டர் என்றுதான் பெயர், முதலை வருவதை அது முன்கூட்டி அறிவித்துவிடும் என்று நம்பினார்களாம்.

மான்ஸ்டர் என்பதன் இலத்தீன் மூலம் ‘மோன்ஸ்ட்ரும்’. முதலில் அதற்கு அரக்கன் என்ற பொருள் இல்லை. தெய்வம் காட்டும் தீநிமித்தத்தைக் குறித்தது. இரண்டு தலையோடு கன்று பிறந்தால் ஊருக்கு ஏதோ வரப்போகிறது என்று நம் கிழவிகள் அஞ்சுவார்களே, அதுதான் மோன்ஸ்ட்ரும். நிமித்தத்தின் பெயர் பின்னால் அந்தக் கோர உருவத்துக்கே நிலைத்துவிட்டது.

பணத்தின் கதையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துச் சொல்கிறேன். ரோம் நகரின் கபிடோலின் குன்றில் ஜூனோ மோனெட்டா என்ற தெய்வத்தின் கோயில் இருந்தது. நாணயச் சாலை அதை ஒட்டி அமைந்தது. அதனால் நாணயத்துக்கே மோனெட்டா என்று பெயர் வந்து, அது ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. இதில் ஐயம் இல்லை. ஆனால் தெய்வத்துக்கு மோனெட்டா என்ற பெயர் எச்சரிப்பவள் என்ற பொருளில்தான் வந்தது என்பது ரோமானியர்கள் தாங்களே சொல்லிக்கொண்ட விளக்கம். அறிஞர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை. மதுரை வட்டாரத்தில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தச் சொல் தமிழ்நாட்டுக்கு ஆங்கிலத்தின் வழியாக வருவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு முன்பே, அது குறித்த பொருள் வைகைக் கரைக்கு வந்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

மெமோ, மெமோரியல் இரண்டையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட வேண்டாம். பொருள் ஒன்று, வேர் வேறு. அவற்றுக்கு உறவாகச் சொல்லப்படுவது வடமொழியின் ஸ்மரணை, ஸ்மிருதி.

*

என் மகன் அமெரிக்காவில் வாங்கிய வீட்டு மனையின் பத்திரத்தில், வடகிழக்கு மூலையில் ஒரு ‘மானுமென்ட்’ இருப்பதாக எழுதியிருக்கிறது. நினைவுச்சின்னம் இருக்கிற மனையை வாங்கினால் பின்னால் சிக்கல் வருமா?
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், திருமங்கலம்

கவலை வேண்டாம் ஐயா. வாழ்நாள் முழுக்க நீங்கள் பார்த்துப் பழகிய பொருள்தான் அது. அந்த நாட்டு நில அளவையாளர்கள் எல்லைக்கல்லை மானுமென்ட் என்கிறார்கள். கல்லாக இருக்க வேண்டும் என்பதில்லை, தரையில் அடித்த இரும்புக் கம்பியும் மானுமென்ட்தான். நம் சர்வே கல்.

கல்லறையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது போலத் தோன்றும். வேருக்கு மிக அருகில் இருப்பது இந்தப் பொருள்தான் என்பேன். ‘இதுவரை உன்னுடையது, இதற்கு அப்பால் இல்லை’ என்று நினைவூட்டி எச்சரிப்பதைத் தவிர எல்லைக்கல்லுக்கு வேறு வேலை இல்லை. இரவோடு இரவாகக் கல் நகர்ந்த வழக்குகள் எத்தனையை நீங்கள் விசாரித்திருப்பீர்கள்!

*

நினைவுச்சின்னம் தூய தமிழ்ச் சொல்லா? இல்லையென்றால் பழந்தமிழில் இதற்கு என்ன சொன்னார்கள்?
தமிழாசிரியை, உசிலம்பட்டி

பாதி தமிழ். நினைவு நம்முடையது. சின்னம், அடையாளம் என்னும் பொருள்படும் ‘சிஹ்னம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அதற்காக அதைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வராது. கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது இரட்டைக் குழலாக ஊதுகிறார்களே, அதற்குத் திருச்சின்னம் என்று பெயர். ‘எழுந்தருளுகிறார், விலகி நில்லுங்கள், கை கூப்புங்கள்’ என்று வீதிக்கு அறிவிக்கும் ஒலி அது. நினைவூட்டலும் எச்சரிக்கையும் அதில் ஒருசேர இருக்கின்றன. நினைவுச்சின்னம் என்று எழுதும்போதெல்லாம் என் காதில் விழுவது அந்தச் சின்னம். சொல்லாராய்ச்சியாக இதைச் சொல்லவில்லை, என் மனம் பழகிய விதம் இது.

பழந்தமிழில் ஒற்றைப் பொதுச்சொல் இருந்ததாகத் தெரியவில்லை. வகைக்கொரு சொல் இருந்தது. அரசர்களைப் புதைத்த இடத்தில் எழுப்பிய கோயில் பள்ளிப்படை. திருச்சுழி அருகே பள்ளிமடத்தில் பாண்டியர் காலத்துப் பள்ளிப்படை இருக்கிறது, ஊர்ப்பெயரிலேயே ‘பள்ளி’ இருப்பதைக் கவனியுங்கள். போரில் வீழ்ந்த வீரனுக்கு நட்டது நடுகல். இந்தச் சொல்லை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நினைவு என்ற சொல்லே அதில் இல்லை. நட்ட கல் என்ற செயல்தான் இருக்கிறது. நாற்றை நடுகிறோம், பந்தற்கால் நடுகிறோம், கல்லையும் நடுகிறோம். நட்டால் அது அங்கே உயிரோடு நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் இந்தச் சொல் பிறந்திருக்காது.

தொல்காப்பியம் இதன் படிகளை ஆறாக அடுக்குகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். ஏற்ற கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதை எடுக்க நாள் கொண்டு, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடிகிறது. சில குடும்பங்களில் இன்றும் இறந்தவர் காரியத்தில் சிறு கல்லை ஊன்றி நீர் வார்ப்பார்கள். அந்தக் கைகளுக்கு இலக்கணம் தெரியாது, வழக்கம் தெரியும்.

உங்கள் மாணவிகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உங்கள் ஊருக்கு மேற்கேயே இருக்கிறது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. ஒன்றில் உள்ள வாசகம்: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் நடந்த ஆநிரை கவரும் பூசலில் வீழ்ந்த, பேடு என்ற ஊரின் தீயன் அந்தவனுடைய கல் என்று பொருள் கொள்கிறார்கள். ஆகோள் என்பது, ஆநிரை கவர்தலைச் சொல்லும் வெட்சித் திணையின் சொல் என்பது தங்களுக்கு நான் சொல்லி ஆக வேண்டியதில்லை. புறத்திணை இலக்கணத்தில் படித்த சொல் ஒரு மேய்ச்சல் காட்டுக் கல்லில் கிடக்கிறது!

இந்த வாசகத்தில் என்னை விட்டு அகலாத சொல் முதலில் நிற்கும் ‘கல்’. ‘நினைவாக’ இல்லை, ‘வீர மரணம் எய்திய’ இல்லை, நட்டவர் பெயரும் இல்லை. கல், ஆள், ஊர், எதில் வீழ்ந்தான். அவ்வளவு போதும் என்று நினைத்திருக்கிறார்கள். போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது. அவன் பெயரை இன்று நாம் சொல்கிறோமே.

*

நினைவிடம், நினைவில்லம், மணிமண்டபம்: எதை எங்கே எழுத வேண்டும்?
செய்தியாளர், மதுரை

அடக்கம் செய்த இடம் நினைவிடம். வாழ்ந்த வீடு நினைவில்லம், விருதுநகரில் காமராசர் வீடு போல. அடக்கமும் இல்லை, வாழ்ந்த வீடும் இல்லை, பெருமைக்காகப் புதிதாக எழுப்பியது என்றால் மணிமண்டபம். கூடலூருக்கு மேலே லோயர் கேம்பில் 2013இல் திறந்த பென்னிகுவிக் மணிமண்டபம் அப்படிப்பட்டது. செய்தியில் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதாதீர்கள், படிப்பவர் மாலையோடு வேறு இடத்துக்குப் போய்விடுவார்.

*

எங்கள் கடைக்கு முகவரி சொல்லும்போது ‘விளக்குத்தூண் பக்கம்’ என்றுதான் நான்கு தலைமுறையாகச் சொல்கிறோம். அந்தத் தூண் யாருடைய நினைவாகவோ வைத்தது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர் மறந்துபோன பிறகும் அது நினைவுச்சின்னம்தானா?
ஜவுளிக் கடை உரிமையாளர், கீழமாசி வீதி

அண்ணாச்சி, இந்தக் கடிதத்துக்காகவே இந்த இதழின் தலைப்பை உங்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தூண் பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேயக் கலெக்டரின் நினைவாக மக்கள் எழுப்பியது. 1830களிலும் 40களிலும் மதுரையில் கலெக்டராக இருந்தார். அப்போது நகரைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. உள்ளே இடம் போதாமல், காற்றோட்டம் இல்லாமல், நோய் மண்டி மக்கள் திணறினார்கள். கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். சுவரை இடித்துப் பள்ளத்தை நிரப்புகிறவர்களுக்கே அந்த நிலம் என்று ஏற்பாடு செய்தார். அந்த நிலத்தில் உருவானவைதான் வெளிவீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதியும், மாரட் வீதியும். மாரட் நில அளவையாளர். பெருமாள் வேலையை மேற்பார்த்த மேஸ்திரி. கலெக்டரின் பெயர் மறைந்துவிட்டது, அவரிடம் வேலை பார்த்த இருவரின் பெயர்கள் பஸ் நடத்துநர் வாயிலும் பார்சல் சீட்டிலும் நாள்தோறும் புழங்குகின்றன. எனக்கு இதில் வருத்தம் இல்லை. மண் சுமக்க வைத்த மேஸ்திரிக்கு ஒரு வீதி கிடைத்தது நல்லதே.

இடித்தபோது எல்லாம் போய்விடவில்லை. அம்மன் சன்னதிக்குக் கிழக்கே ஒரு பழைய வாசலை மட்டும் விட்டுவைத்தார்கள், அதற்கு விட்டவாசல் என்றே பெயர் என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். ஆக, கோட்டையை நினைவூட்ட ஒரு வாசலும், கோட்டை இல்லாமற்போனதை நினைவூட்ட ஒரு விளக்கும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன. வேறு எந்த ஊருக்கு இப்படி வாய்த்திருக்கிறது?

பெயர் மறந்த பிறகும் நினைவுச்சின்னம்தானா என்று கேட்டீர்கள். வேரின்படி பார்த்தால் நினைவூட்டாதது மானுமென்ட் ஆகாது. ஆனால் கல்லுக்கும் இரும்புக்கும் தானாகப் பேசத் தெரியாது, பக்கத்தில் ஒரு வாய் வேண்டும். நான்கு தலைமுறையாக அதன் பக்கத்தில் இருப்பது உங்கள் கடை. தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிற பிள்ளைகளிடம், அப்பா பில் போடுகிற நேரத்தில், ‘அந்தத் தூணை ஏன் வைத்தார்கள் தெரியுமா’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அது நினைவுச்சின்னம்தான்.

*

மேலூர் பக்கம் எங்கள் ஊர்ச் சாலையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. சாலையை அகலப்படுத்தும்போது பிடுங்கி ஓரத்தில் போட்டுவிட்டார்கள். மேல்கல்லில் எழுத்து இருக்கிறது. ‘தாது வருஷம்’ என்பது மட்டும் படிக்க முடிகிறது. திரும்ப நட்டுத் தரச் சொல்லி மனு எழுதப்போகிறோம். அதை நினைவுச்சின்னம் என்று எழுதலாமா?
இளைஞர் ஒருவர், மேலூர் வட்டம்

எழுதலாம், தம்பி. தயங்காமல் எழுதுங்கள்.

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. சுமைதாங்கி என்பது இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்தது. தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பவர்கள் யார் துணையும் இல்லாமல், குனியாமல், மூட்டையை அப்படியே அதன்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறலாம். பிள்ளைச்சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை வைப்பார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் சுமை இறக்கும்போது அவள் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. உலகத்தில் எத்தனையோ தூண்களையும் வளைவுகளையும் பற்றிப் படித்திருக்கிறேன். இதற்கு இணையான ஒன்றை நான் அறிந்ததில்லை. நினைக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாது. தோளுக்கு உதவி செய்யும். உதவி பெற்றவன் கழுத்தைத் தடவிக்கொண்டு ‘மகராசி’ என்பான்.

என் தகப்பனார் கல்லில் எழுத்து வெட்டும் தொழில் செய்தவர். ஒத்தக்கடையில், யானைமலை தெரிகிற ஒரு புளியமரத்தடிதான் பட்டறை. காவிக்கட்டியால் கல்லில் எழுதுவார், தென்னை ஈர்க்கால் எழுத்தின் உயரத்தை அளப்பார், பிறகு உளியை வைப்பார். கூலி எழுத்துக் கணக்கில். ‘ஞாபகார்த்தமாக’ என்று வெட்டச் சொல்லி வருவார்கள். எட்டு எழுத்து. காசில்லாத முகத்தைப் பார்த்தால் அவரே, ‘நினைவாக என்று போடலாம், நாலு எழுத்துத்தான், பொருள் ஒன்றுதான்’ என்பார். எங்கள் பக்கத்துக் கற்களில் நல்ல தமிழ் ஏறியதில் வறுமைக்கும் பங்கு உண்டு. அந்த நாலு எழுத்தில் ‘னை’ என்ற எழுத்தை அவர் கடைசி வரை துதிக்கை வளைவோடு பழைய வடிவில்தான் வெட்டினார். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, நான் வகுப்பில் புதிய வடிவத்தைக் கற்பிக்கத் தொடங்கிய பிறகும் அவர் கை மாறவில்லை. அவர் வெட்டிய கல்லை இன்றும் அந்த வளைவை வைத்தே அடையாளம் கண்டுவிடுவேன்.

உங்கள் கல்லுக்கு வருவோம். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது என்பது 1936இல் தொடங்கிய ஆண்டாக இருக்கலாம், அதற்கு முந்தைய சுற்றில் 1876ஆகவும் இருக்கலாம். 1876 என்றால் தாது வருஷப் பஞ்சம், நம் பாட்டிகள் சொல்லிச் சொல்லி அழுத அதே பஞ்சம். எது என்று கண்டுபிடிக்க மற்ற எழுத்துகளையும் படித்தாக வேண்டும். உச்சி வெயிலில் பார்க்காதீர்கள், தேய்ந்த எழுத்து தெரியாது. காலையில் அல்லது சூரியன் சாயும் நேரத்தில், ஒளி பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். இரவில் டார்ச் விளக்கைக் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலும் தெரியும். படம் எடுங்கள். ஆணியால் சுரண்ட வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். பெண்ணின் பெயர் கிடைத்துவிட்டால், அதே பெயர் எந்த வீட்டில் பேத்திகளுக்கு வழிவழியாக வருகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

மனுவில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நூறாண்டு கடந்த எல்லாமே தாமாகச் சட்டப் பாதுகாப்புக்குள் வந்துவிடாது, அரசு அறிவிக்கை வெளியிட்டவைக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. ஆகவே ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற அடைமொழியைச் சேர்க்காதீர்கள், அதை வைத்தே மனுவைத் திருப்பிவிடுவார்கள். ‘பழமையான எழுத்துப் பொறிப்புள்ள சுமைதாங்கி நினைவுக்கல்’ என்று எழுதுங்கள். முதலில் நின்ற இடம், இப்போது கிடக்கும் இடம், கற்களின் நீள அகலம், படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். பெண்ணின் பெயர் தெரிந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒரு நகலைத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள்.

திரும்ப நடும்போது நீங்களும் உடன் நில்லுங்கள். மேல்கல்லைத் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். சுமை உரசி உரசி வழவழப்பாகிப்போன பக்கம்தான் மேலே வர வேண்டும், எழுத்துள்ள பக்கம் சாலையைப் பார்த்து இருக்க வேண்டும்.